நன்முல்லை முதல் நிலா வரை: தமிழரின் இயற்கைப் பெயர்கள் கடந்து வந்த வழி

மகளுக்கு முல்லை என்றோ மகனுக்கு முகிலன் என்றோ பெயர் வைப்பவர்கள், அது சங்க காலத்துப் பெயர் என்று சொல்லி மகிழ்வதுண்டு. சொற்கள் சங்க காலத்தவைதாம். ஆனால் அச்சொற்களைப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கமும் அக்காலத்திலிருந்து இடையறாமல் வந்ததா என்று கேட்டால், கிடைக்கும் சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. பூவும் மரமும் ஆறும் மலையும் தமிழர் பெயர்களில் எப்போதும் இருந்திருக்கின்றன; ஆனால் ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறு வாசல் வழியாக உள்ளே வந்திருக்கின்றன. நிலத்தின் பேரால் வந்தன. கோயில் வழியாக வந்தன. வடமொழி உடுத்தி வந்தன. எமனை ஏமாற்றும் தந்திரமாகவும் வந்தன. எந்தத் துணையும் இல்லாமல், தமிழ்ச் சொல்லாகவே ஒரு பூ படித்த குடும்பத்தின் பிறப்புப் பதிவேட்டில் ஏறியது 20-ஆம் நூற்றாண்டில்தான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

பெயர் சொல்லாத பாட்டு

சங்க நூல்களில் இயற்கைப் பெயர்களைத் தேடப் புகுந்தால் முதலிலேயே ஒரு தடை எதிர்ப்படும். அகத்திணையில் ஒருவரின் இயற்பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியத்தின் விதி. பூக்களும் பறவைகளும் மண்டிக் கிடப்பதோ அந்த அகப்பாடல்களில்தான். ஆகவே குறிஞ்சி நிலத்துத் தலைவியின் பெயர் என்னவென்று நமக்குத் தெரிய வழியே இல்லை. தலைவனும் வெற்பன், நாடன், ஊரன், துறைவன், சேர்ப்பன் என்று நிலத்தால் அறியப்படுகிறானே அன்றிப் பெயரால் அல்ல. தொல்காப்பியப் பெயரியல் பெயர் வகைகளை எண்ணும்போது நிலப்பெயர் என்றும் திணைநிலைப் பெயர் என்றும் சிலவற்றைத் தனியே பிரித்துச் சொல்கிறது. நிலம் பெயர் கொடுத்தது உண்மை. ஆனால் அவை எந்தத் தாயும் தொட்டிலில் இட்ட பெயர்கள் அல்ல.

புலவர்களின் பெயர்களைப் பார்க்கும்போது நம்பிக்கை சற்றுத் துளிர்க்கும். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், கல்பொரு சிறுநுரையார், நெடுவெண்ணிலவினார், குப்பைக் கோழியார் எனக் குறுந்தொகையில் மட்டுமே எத்தனை மழையும் அணிலும் நுரையும் நிலவும்! ஆனால் இவை பாடியவரின் பெயர் தெரியாதபோது, பாட்டில் பளிச்சென்று நின்ற தொடரை எடுத்துத் தொகுத்தவர்கள் சூட்டியவை. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் பெயரிலுள்ள காக்கையும் அவர் பாடியதால் வந்து ஒட்டிக்கொண்டதுதான். வேறு சில பெயர்கள் நம்மை ஏமாற்றக் காத்திருக்கின்றன. பிசிராந்தையார் பெயரில் ஆந்தைப் பறவை இல்லை. ஆதன் என்பதும் தந்தை என்பதும் புணர்ந்து ஆந்தை ஆகும் என்று தொல்காப்பியமே விளக்குகிறது. பூந்தை என்ற பெயரிலும் பூ இல்லை, பூதன்தான் இருக்கிறான்.

இவற்றையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சி நிற்பவர் அள்ளூர் நன்முல்லையார். ஊர் அள்ளூர், பெயர் நன்முல்லை. நக்கீரன், நப்பின்னை என்பவற்றில் உள்ள அதே ‘நல்’ அடைமொழிதான் இங்கும் முன்னே நிற்கிறது. ஒரு பெண்ணின் இயற்பெயராகப் பூ நின்றதற்கு இதைவிடத் தெளிவான பழஞ்சான்று எனக்குத் தென்படவில்லை. ஆண்பாலில் கோதை இருக்கிறது. மாக்கோதை, குட்டுவன் கோதை என்று பொறித்த சேரர் காசுகள் கிடைத்துள்ளன. பூமாலையைக் குறிக்கும் அச்சொல் அன்று மீசை வைத்த வேந்தரின் பெயர். சில நூற்றாண்டுகள் கழித்து வில்லிபுத்தூர்த் துளசி வனத்தில் கிடைத்த பெண் குழந்தைக்குப் பெரியாழ்வார் வைத்த பெயராக அதை அறிகிறோம். 

குகைக் கல்வெட்டுகளிலும் பானை ஓடுகளிலும் திரும்பத் திரும்பக் காணப்படுபவை ஆதன், சாத்தன், கீரன், அந்துவன், குவிரன் போன்ற பெயர்கள். அங்கே பூக்கள் அரிது. அன்றைய சமூகத்தில் மரமும் பூவும் தனி மனிதனைவிடக் குடியைத்தான் குறித்தன. சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. அவற்றைப் போரில் தலையில் சூடினார்கள். பிள்ளைக்குப் பெயராகச் சூட்டவில்லை.

கோயில் வழியாக

சிலப்பதிகாரத்தில் ஒரு பெயர்சூட்டு விழா பேசப்படுகிறது. மாதவிக்குப் பெண் பிறந்தபோது கணிகையர் கூடி என்ன பெயரிடலாம் என்று கேட்க, கோவலன் தன் முன்னோன் ஒருவனைக் கடலில் மூழ்காமல் காத்த தெய்வத்தின் பெயரைச் சொல்கிறான். குழந்தை மணிமேகலை ஆகிறாள். மாதவி என்பதோ குருக்கத்திக் கொடியின் பெயர். தாயின் பெயரில் கொடி. மகளின் பெயரில் கடல், ஆனால் கடல் என்ற சொல் அங்கே இல்லை, கடல் தெய்வம்தான் இருக்கிறது. அடுத்து வந்த ஆயிரம் ஆண்டுகளில் பெயர்கள் நடந்த பாதையை இந்தக் காட்சி முன்கூட்டியே காட்டிவிடுகிறது எனலாம்.

பக்தி இயக்கம் தமிழ்நாட்டு நிலப்பரப்பையே கோயில்களாக மாற்றியது. ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு மரம், ஒரு தீர்த்தம். காட்டு மரம் தலமரமானது. தலம் இறைவன் பெயருக்குள் புகுந்தது. இறைவன் பெயர் மனிதருக்கு வந்தது. காஞ்சிபுரத்தில் ஒற்றை மாமரத்தடியில் வீற்றிருப்பவர் ஏகாம்பரநாதர். ‘ஆம்ரம்’ என்றால் மா. ஏகாம்பரம் என்ற பெயருள்ள எத்தனை பேருக்குத் தம் பெயரில் ஒரு மாமரம் நிற்பது தெரியும்? திருவானைக்காவின் வெண்ணாவல் ஜம்புகேசுவரராகி ஜம்புலிங்கமாக இறங்கியது. சிதம்பரத்தைச் சூழ்ந்திருந்த தில்லை, உப்பங்கழியில் வளரும், பால் பட்டால் கண்ணைக் கெடுக்கும் மரம். அதன் இயல்பை எண்ணி யாரும் பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் கூத்தன் ஆடும் ஊராகிவிட்ட பின் தில்லைநாயகம், தில்லையம்பலம் எனப் பெயர்கள் பெருகின. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல் மகளிரின்) பெயர்களைக் கல்வெட்டு ஒவ்வொன்றாகச் சொல்கிறது. எடுத்தபாதம், சோழகுலசுந்தரி, தில்லையழகி போன்ற அப்பெயர்களில் இறைவனும் அரசனும் தலமும் முன்னிற்கிறார்கள். இயற்கை அவர்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கடலைக் குறிக்கும் பரவை என்ற பெயரைச் சுந்தரரின் திருவாரூர் மனைவி தாங்கினார். அதே ஊர்க் கோயிலோடு தொடர்புடைய, முதலாம் இராசேந்திரனின் அணுக்கியான (நெருங்கிய துணைவியான) பரவை நங்கையும் தாங்கினார். முதல் பரவையின் புகழ்தான் இரண்டாவது பரவைக்குப் பெயரானது என்று ஊகிப்பதே பொருத்தம். இருவருக்கும் இடையே கடலுக்கு வேலையில்லை.

இந்த வழியில் வந்த பெயர்களில் மிகப் பரவலானது வள்ளி. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த குழந்தை என்பதால் குறவர் தலைவன் அவளுக்கு அப்பெயர் இட்டதாகக் கந்தபுராணக் கதை. மற்ற தெய்வப் பெயர்கள் எல்லாம் மேலிருந்து இறங்க, இது மண்ணுக்குள்ளிருந்து மேலே ஏறிய பெயர். தென்னாப்பிரிக்காவில் காந்தியின் அறப்போரில் சிறை சென்று 1914-இல் பதினாறு வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரில் ஊரின் பங்காக ஒரு மரமும் தெய்வத்தின் பங்காக ஒரு கொடியும் இருக்கின்றன.

தாமரையின் ஒன்பது உருவங்கள்

கமலா, பத்மா, அம்புஜம், பங்கஜம், சரோஜா, நளினி, ஜலஜா, வனஜா, அரவிந்தன். இவை ஒன்பதும் தாமரையைக் குறிக்கும் சொற்கள். ஒன்பதும் தமிழ்க் குடும்பங்களில் மிகப் புழங்கிய பெயர்கள். பத்தாவதாகத் தாமரை என்ற சொல்லை மட்டும் 1900-க்கு முந்தைய மேட்டுக்குடிப் பெயர்களில் காண்பது அரிது. பூவின் மீது வெறுப்பில்லை. சொல் தமிழாக இருந்தது என்பதே தடை. பெயர் என்றால் அது வடமொழியில் இருப்பதுதான் மரியாதை என்ற எண்ணம் கல்வியிலும் செல்வத்திலும் மேலே இருந்த எல்லாச் சாதிகளிலும் ஊறியிருந்தது. 1896-இல் நூலாக வந்த ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’, 1898-இல் வந்த அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ ஆகிய இரண்டு முன்னோடி நாவல்களின் பெயரிலும் தாமரை இருப்பது தற்செயல் அல்ல. அன்றைய படித்த வாசகருக்கு ஒரு நல்ல குடும்பத்துப் பெண்ணின் பெயர் அப்படித்தான் ஒலித்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நட்சத்திரம், மரம், ஆறு, மலை, பறவை ஆகியவற்றின் பெயர் கொண்ட பெண்ணை மணக்க வேண்டாம் என்று மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம் விலக்குகிறது. அந்நூலைப் போற்றிய வீடுகளிலேயே ரோகிணியும் ரேவதியும் கங்காவும் யமுனாவும் காவேரியும் குறைவின்றிப் பிறந்தார்கள், குறைவின்றி மணமும் முடித்தார்கள். ஆறு தெய்வமாகிவிட்டால் ஆறாக எண்ணப்படுவதில்லை போலும்.

வேம்பும் பூவாயியும்

இலக்கியத்தையும் கல்வெட்டையும் மட்டுமே பார்ப்பவர்களின் கண்ணுக்குப் படாத இன்னொரு பெயருலகம் ஊர்களில் இருந்தது. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், அடுத்த பிள்ளைக்குக் குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டி என்று வைப்பார்கள். எமனுக்கு ஆசை வரக் கூடாது என்பது கணக்கு. வேம்பு அந்த வரிசையைச் சேர்ந்த பெயர். கசப்பதை யார் விரும்பி எடுத்துப் போவார்கள்? தஞ்சைப் பகுதி வேம்பு ஐயர்களும் வேம்பு அம்மாள்களும் அப்படிப் பிழைத்தவர்களின் வழியில் வந்தவர்களாக இருக்கலாம். பாண்டியன் முடியில் சூடிய அதே வேம்பு இங்கே பிள்ளையைக் காக்கும் கசப்பாக மாறியிருப்பதைப் பெயராய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். ‘இயற்கைப் பெயர்’ என்றதும் அழகை மட்டுமே நினைக்கும் நம் பழக்கம் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

அழகும் அங்கே இல்லாமல் இல்லை. பூவாயி, மயிலம்மாள், கிளியம்மாள், குருவம்மாள், செவந்தி, மரிக்கொழுந்து, பூங்காவனம் என்ற பெயர்கள் உழவர் வீடுகளிலும் கூலிகளின் குடிசைகளிலும் புழங்கின. தெய்வமோ வடமொழியோ இடையில் வராத பெயர்கள் இவற்றில் பல. அல்லி, பவளக்கொடி ஆகியவை கதைப்பாடல்களிலிருந்து வந்தவை. பெரிய எழுத்துப் புத்தகங்களாகச் சந்தைகளில் விற்ற அல்லி அரசாணி மாலையும் பவளக்கொடி மாலையும் அப்பெயர்களை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தன. பவளக்கொடி 1934-இல் திரைப்படமாகவும் வந்து எம்.கே. தியாகராஜ பாகவதரைத் திரைக்குக் கொண்டுவந்தது.

இப்பெயர்கள் மேலே ஏறாததற்கு ஒரு காரணம் சாதி மேட்டிமை. இன்னொன்று குடும்பத்துக்குள்ளேயே இருந்தது: தாத்தா பெயரைப் பேரனுக்கும் பாட்டி பெயரைப் பேத்திக்கும் வைக்கும் கட்டாயம். பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் அவன் பெயரன், பேரன். இந்த முறை இருந்தவரை ஒரு குடும்பத்தின் பெயர்க் களஞ்சியம் மூடியே கிடந்தது. பிடித்த பூவின் பெயரை வைக்க ஒரு தாய்க்கு உரிமை இல்லை. ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற இன்னொரு கட்டுப்பாடு இதில் ஒரு சின்னச் சந்து விட்டது. மாமனார் பெயரைச் சுமந்த மகனை அவள் வேறு ஏதாவது சொல்லித்தானே கூப்பிட வேண்டும்? கிளி, மயிலு, குருவி, பூவு என்று கூப்பிடும் பெயர்கள் அந்தச் சந்தில்தான் செழித்தன. பெண்கள் தாங்களே தேர்ந்த இயற்கைப் பெயர்களின் வரலாறு பதிவேட்டில் ஏறாத இந்தக் கூப்பிடு பெயர்களில்தான் இருக்கிறது.

கிறித்தவக் குடும்பங்களுக்கு லில்லி, ரோஸ், டெய்சி ஆகியவை சபை வழியாகவும், இசுலாமியக் குடும்பங்களுக்கு யாஸ்மின், நர்கிஸ் ஆகியவை அரபு, பாரசீக வழியாகவும் வந்தன. அது தனியே எழுத வேண்டிய கதை.

பதிப்பும் இயக்கமும்

1887-இல் சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார். உ.வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் 1937-இல் குறுந்தொகையையும் அச்சுக்குக் கொண்டுவந்தார். ஏட்டில் உறங்கிய பூக்கள் எல்லாம் பள்ளிப் பாடத்துக்குள் வந்தன. ஆயினும் அவை உடனே பெயராகிவிடவில்லை. பெயர்ச் சீர்திருத்தத்தின் முதல் தலைமுறைக்கு இயற்கை ஒரு பொருட்டே அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆனபோது பெயருக்குள் கதிரவன் இருந்தது உண்மைதான். ஆனால் அது ‘சூரிய’ என்பதன் மொழிபெயர்ப்பாக வந்தது. 1916-இல் வேதாசலம் மறைமலை ஆனதும் அப்படியே. தம் பிள்ளை திருஞானசம்பந்தனை மறைமலையடிகள் அறிவுத்தொடர்பு என்று மாற்றினார். பொருள் மாறாமல் மொழி மட்டும் மாறியது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயரின் பின்னாலிருந்த சாதியைக் கழற்றச் சொன்னது. அவ்வியக்கத்தார் பிள்ளைகளுக்கு ரஷ்யா, லெனின் என்றுகூட வைத்தார்கள். முல்லை என்று வைக்கும் மனநிலை அன்று இல்லை.

தெய்வப் பெயர் வேண்டாம், வடமொழி வேண்டாம், சாதி வேண்டாம் என்று மூன்று பக்கமும் அடைத்த பின் எதை வைப்பது? அந்த வெற்றிடத்தில்தான் இயற்கை வந்து அமர்ந்தது. 1944-இல் பாரதிதாசன் ‘அழகின் சிரிப்பு’ நூலில் குன்றையும் கடலையும் காட்டையும் அவற்றுக்காகவே பாடியது இந்த மாற்றத்தின் தெளிவான அடையாளம். 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றி, அடுத்த பத்தாண்டுகளில் உதயசூரியன் அதன் சின்னமானபோது கதிரவனும் இளம்பரிதியும் கட்சிக்காரர் வீட்டுப் பெயர்கள் ஆயின. மதியழகன், மலர்விழி, தேன்மொழி, கனிமொழி, கயல்விழி, பூங்கொடி, பூங்கோதை, வெண்ணிலா, வான்மதி, தாமரைச்செல்வி எனக் கூட்டுப் பெயர்கள் ஓர் அலையாக எழுந்தன. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. வேறு அரசியல் கொண்ட வீடுகளுக்குள்ளும் வானதியையும் பூங்குழலியையும் அது கொண்டுபோனது. நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ படித்தவர்கள் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று வைத்தது பலரும் அறிந்த செய்தி. தலைப்பில் இருந்த குறிஞ்சியை விட்டுவிட்டு, வடமொழித் தாமரையையே அந்த வாசகர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த அலையின் பெயர்களை உற்றுப் பார்த்தால் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் இயற்கையை வேறு வேறாகப் பங்கிட்டிருப்பது தெரியும். ஆணுக்குக் கதிர், பரிதி, வான், மலை. பெண்ணுக்குப் பூ, கொடி, தேன், கயல். அதுவும் பெரும்பாலும் விழி, குழல், மொழி என்ற ஓர் உறுப்போடு ஒட்டி. கயல்விழியில் மீன் பெயராகவில்லை; பெண்ணின் கண்தான் பெயராகியிருக்கிறது. அகப்பாடல்கள் தலைவியின் பெயரை மறைத்து அவள் உடலை வருணித்தன; 20-ஆம் நூற்றாண்டு அந்த வருணனையை எடுத்துப் பெயராக்கிவிட்டது. பகுத்தறிவு பேசிய இயக்கம் இந்த ஒன்றைக் கேள்வி கேட்காமல் கடந்துபோனது.

கூடவே இன்னொரு தேர்வும் நடந்தது. பூவாயியின் பேத்திக்குப் பூங்குழலி என்று வைத்தார்கள். பூவாயி என்றே வைத்திருந்தால் தாத்தா பாட்டி பெயர் வைக்கும் மரபும் இருந்திருக்கும், பெயரும் தமிழாகவே இருந்திருக்கும். ஆனால் மீட்க வேண்டிய பழமை நூலில் இருந்ததாகக் கருதப்பட்டதே அன்றி, திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் இருந்ததாகக் கருதப்படவில்லை.

குறிஞ்சிப்பாட்டின் மீதி

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்ததாக 99 பூக்கள் வருகின்றன. இன்று தமிழ்ப் பெயர் தேடுவோர் அடிக்கடி கை காட்டும் பட்டியல் இது. இந்த 99-இல் பெயராகப் புழங்குபவை கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். வள்ளி, முல்லை, தாமரை, செண்பகம் ஆகியவை பழகியவை. குறிஞ்சி, ஆம்பல், மௌவல் இப்போது அங்கங்கே கேட்கின்றன. ஈங்கை, எருவை, சூரல், அவரை ஆகியவற்றை யாரும் தொடுவதாகத் தெரியவில்லை. காரணம் ஒன்றல்ல. ஈங்கையும் சூரலும் முள்; அவரை அடுப்படியில் இருக்கிறது. தும்பை வழிபாட்டுக்கும் போர்த் திணைக்கும் போய்விட்டது. செங்காந்தளோ தமிழ்நாட்டின் மாநில மலர். பாட்டில் அது பெண்ணின் விரல். ஆனால் அதன் கிழங்கு நஞ்சு என்பது கண்வலிக்கிழங்கு பயிரிடும் விவசாயி முதல் எல்லோருக்கும் தெரியும். பெயராகும் பூவுக்கு அழகு மட்டும் போதாது. அது சமைக்கப்படக் கூடாது, குத்தக் கூடாது, கொல்லக் கூடாது.

மகிழ் மட்டும் ஒரு விலக்கு. மகிழ மரம் அப்பட்டியலில் வகுளம் என்ற பெயரில் நிற்கிறது. நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்றும் மகிழ்மாறன் என்றும் பெயர்கள் உண்டு. இன்று மகிழ், மகிழன், மகிழினி என்று வைப்பவர்களில் பெரும்பாலோர் மகிழ்ச்சியை நினைத்தே வைக்கிறார்கள். மரம் அழைக்காமலே உடன் வருகிறது.

கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் கூட்டுப் பெயர்கள் மெலிந்து, ஒற்றைச் சொற்கள் மேலெழுந்திருக்கின்றன: நிலா, மதி, முகில், கதிர், தளிர், சாரல், அருவி, தென்றல், பொழில். தேன்மொழியிலிருந்து மொழியும் மலர்விழியிலிருந்து விழியும் உதிர்ந்தபின் இயற்கை தனியே நிற்கிறது. மதி, முகில் போன்றவை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகிவிட்டதால் பழைய பங்கீடும் தளர்ந்திருக்கிறது. நடைமுறைக் காரணங்களும் இதில் உண்டு. 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, பெயரில்லாமல் பதிவான பிறப்புக்கு ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். தாமதக் கட்டணத்துடன் பதினைந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. பள்ளிச் சேர்க்கை நெருங்குவதால் பெரும்பாலோர் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. கூப்பிடும் பெயர் வேறு, பதிவேட்டுப் பெயர் வேறு என்றிருந்த பழைய இரட்டை முறை இதனால் சுருங்கியது. அன்று தாய் மட்டும் கூப்பிட்ட ஈரெழுத்துச் செல்லப் பெயரின் அளவிலேயே இன்று சான்றிதழ்ப் பெயரும் அமைகிறது.

டொரன்டோவிலும் லண்டனிலும் பாரிசிலும் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. எழில், பொழில், யாழினி, மகிழ் எனப் புதிய பெயர்களில் பலவற்றில் ழகரம் இருக்கிறது. தமிழின் தனி அடையாளம் என்று அதை விரும்பி வைப்பவர்கள் உண்டு. வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டை வாசிக்கும்போது அந்த எழுத்தில்தான் தடுக்கி நிற்கிறார். அந்தத் தொல்லையைப் பிள்ளைக்குக் கொடுக்க விரும்பாதவர்கள் நிலாவைத் தேர்கிறார்கள். எந்த நாட்டு நாக்கிலும் அது ஏறத்தாழ நிலாவாகவே ஒலிக்கிறது.